சேர்ந்து வாசிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

நிலக்கோட்டையிலும் வத்தலக்குண்டு, செம்பட்டி, சிலுக்குவார்பட்டிப் பக்கத்திலும் புதிதாக ஆர்கெஸ்ட்ரா தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விதான். எந்தக் கீபோர்டு வாங்கலாம்? முதல் கச்சேரிக்கு எவ்வளவு கேட்கலாம்? இவற்றுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. சேர்ந்தவர்கள் எப்படிச் சேர்ந்தே இருப்பது, பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் கலைந்துபோன நல்ல குழுக்களில் வாசிப்பு சரியில்லாமல் கலைந்தது ஒன்றுகூட இல்லை.

இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த பெரிய பாடம், சினிமாவுக்குச் சேர்ந்து இசை போட்ட விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். 1952இல் சேர்ந்தார்கள், 1965இல் பிரிந்தார்கள். இடைப்பட்ட பதின்மூன்று வருடத்தில் அவர்கள் போட்ட பாட்டைத்தான் இன்றைக்கும் நீங்கள் ஒத்திகையில் முதலில் எடுக்கிறீர்கள். அவர்களை வைத்தே சொல்கிறேன்.

1. சேர்வதற்கு முன்னால் யாரிடமாவது வேலை பாருங்கள்.

விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார். பிறகு ஜூபிடர் படக் கம்பெனியில் எடுபிடி வேலை. அங்கே எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்கூடத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டார். ராமமூர்த்தி அவருக்கு ஆறு வயது மூத்தவர், திருச்சிக்காரர், வயலின் குடும்பம். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை அவருக்குத் தாத்தா. இப்படி இரண்டு திசையிலிருந்து வந்த இரண்டு பேரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஆர்மோனியத்தில், ஒருவர் வயலினில்.

சுப்பராமன் 1952இல் திடீரென்று காலமானார். வயது முப்பதைத் தொடவில்லை. கையில் பல படங்கள் பாதியில் நின்றன, ‘தேவதாஸ்’ உட்பட. அந்த மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் இந்த இருவரும்தான். அதாவது, தங்கள் பெயர் வருவதற்கு முன்னால் இன்னொருவர் பெயரில் வந்த பாட்டுக்கு உழைத்து, ஒருவர் வேலை செய்யும் விதத்தை மற்றவர் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஜோடி சேர்ந்தார்கள். டீக்கடையில் பேசி, ஒரே ஹீரோவுக்கு ரசிகர்கள் என்பதற்காகச் சேராதீர்கள். ஏதாவது ஒரு பழைய குழுவில் ஒரு திருவிழாக் காலம் முழுக்க, சித்திரை தொடங்கி ஆடி முடிய, சேர்ந்து வாசியுங்கள். ராத்திரி கச்சேரி முடிந்து வண்டியில் பெட்டி ஏற்றும்போது யார் கை கொடுக்கிறார், யார் முதலில் போய் சீட்டில் உட்காருகிறார் என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

2. உங்களிடம் இல்லாதது யாரிடம் இருக்கிறதோ அவரைத் தேடுங்கள்.

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குழு தொடங்கும்போது எல்லோரும் தன்னைப் போலவே வாசிப்பவரைத்தான் சேர்க்கிறார்கள். பேச்சு ஒத்துப்போகும், சண்டை வராது. அப்படிச் சேர்ந்த குழு ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

விஸ்வநாதனிடம் மெட்டு ஊற்றாக வரும் என்பார்கள். வரியைக் கையில் கொடுத்தால் ஆர்மோனியத்தில் அடுத்தடுத்து வேறு வேறு மெட்டாகப் போட்டுக் காட்டுவார். ராமமூர்த்தியிடம் சாஸ்திரிய ஞானமும், வில் வாத்தியங்களை எங்கே எழுப்ப வேண்டும் எங்கே அடக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தன. மெட்டு இவருடையது, வாத்திய அமைப்பு அவருடையது என்று கோடு கிழிக்கிறார்கள் சிலர். அப்படிக் கிழிக்க முடியாது. பதின்மூன்று வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தவர்களின் காது ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். நான் வயலின் வாசிக்கிறவன், ராமமூர்த்தி பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பாட்டுகளில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

1961ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பீம்சிங் இயக்கத்தில் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, மூன்றும் ஒரே வருடம். 1964 இன்னும் பெரிய ஆச்சரியம். பொங்கலுக்குக் ‘கர்ணன்’. அதில் இந்துஸ்தானி ராகங்கள், ஷெனாய், சாரங்கி. அடுத்த மாதமே ‘காதலிக்க நேரமில்லை’. அதில் ட்விஸ்ட்டும் கிட்டாரும் காலேஜ் பிள்ளைகள் ஆடும் ஆட்டமும். செப்டம்பரில் ‘புதிய பறவை’யின் பெரிய மேற்கத்திய வாத்தியக் கூட்டம். தீபாவளிக்கு ‘படகோட்டி’, மீனவர் வாழ்க்கை, எம்.ஜி.ஆர். இவை அத்தனையும் ஒரே இரண்டு பேரின் வேலை என்று தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டினால் நம்ப மாட்டார். ஒரே மாதிரி இரண்டு பேர் சேர்ந்திருந்தால் இந்த விரிவு வந்திருக்காது.

ஒரு பயிற்சி தருகிறேன். ‘பாலும் பழமும்’ பாட்டு எதையாவது எடுத்து, பாடுகிற இடங்களை மனதில் தள்ளிவிட்டு, இடையிசையை மட்டும் கேளுங்கள். பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் வயலின்கள் என்ன சொல்லிவிட்டுப் போகின்றன என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிப் படியுங்கள். தபேலாக்காரர் கேட்டது வேறாக இருக்கும், கீபோர்டுக்காரர் கேட்டது வேறாக இருக்கும். அந்த வேற்றுமைதான் உங்கள் குழுவின் கைமுதல்.

3. பெயர் வரிசையை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் பெயர்ப் பலகையில் விஸ்வநாதன் முதலில் வருவார். முதல் படமான ‘பணம்’ 1952இல் வந்தது. இயக்கியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். இளையவன் முன்னால் போகட்டும், மூத்தவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணர்தான் அந்த வரிசையை வைத்தார் என்று சொல்லி வருகிறார்கள். அப்போது இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் ஜோடி கொடிகட்டிப் பறந்த காலம். அந்த முன்மாதிரியும் இவர்கள் மனதில் இருந்தது.

யார் முன்னால் என்பது முக்கியமில்லை. இருவருக்கும் மரியாதையான மூன்றாவது மனிதர் ஒருவர் வைத்து, இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் முக்கியம். நீங்களும் பேனர் அடிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்? ஒருவர் விலகினால் அந்தப் பெயரில் மீதிப் பேர் கச்சேரி செய்யலாமா? 1971இல் ஜெய்கிஷன் இறந்த பிறகும் சங்கர் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டு வேலை செய்தார். அதுவும் ஒரு வழி. எந்த வழி என்பதை எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நாளில் எழுதி வையுங்கள். மனம் கசந்த நாளில் எழுத உட்கார்ந்தால் எழுத்தே வராது.

4. கணக்கு நோட்டு ஒன்று போடுங்கள், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எவ்வளவு, வண்டி வாடகை, மைக் செட், சாப்பாடு, கடைசியில் ஆளுக்கு எவ்வளவு. அன்றைக்கு ராத்திரியே எழுதி அன்றைக்கே பிரித்துக் கொடுங்கள். பாடுகிறவருக்குக் கூட என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கமிட்டியிடம் ஒருவர் போய்ப் பேசி வந்து ஒரு தொகையும், வண்டியில் வேறு தொகையும் சொன்னால் அந்தக் குழு அடுத்த திருவிழாவைப் பார்க்காது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

5. ட்ராக் போட்டுக்கொண்டு மேலே வாசிக்காதீர்கள்.

பென்டிரைவில் இசையை ஓட விட்டு நீங்கள் சும்மா கையசைத்தால் கூட்டத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டை இறக்கிவிட்டு, பகலெல்லாம் தோட்டத்தில் நின்றுவிட்டு, ராத்திரி உங்கள் பாட்டைக் கேட்க வந்து தரையில் உட்காருகிற சனம் அது. ‘பாசமலர்’ பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்துப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பாடகர், வயலின்கள், தபேலா, குழல், கிட்டார் எல்லோரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் தடுமாறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். டி.எம். சௌந்தரராஜனும் சுசீலாவும் பி.பி. ஸ்ரீநிவாசும் எல்.ஆர். ஈஸ்வரியும் அப்படி நின்று பாடினவர்கள்தான். தன் தவறு இன்னும் முப்பது பேரின் உழைப்பைத் திரும்பச் செய்ய வைக்கும் என்ற பயமும் அக்கறையும் அந்தப் பாட்டுகளில் ஒலிக்கிறது. ஒத்திகையில் அதைப் பழகுங்கள். யாராவது பிட்டைத் தவறவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுக்காமல், முதலிலிருந்து எல்லோரும் வாசியுங்கள். மார்க்கெட் வேலைக்குப் போகிற பிள்ளைகள் குழுவில் இருந்தால் ஒத்திகையைச் சாயங்காலம் வைத்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். விடிவதற்கு முன்னால் எழுகிறவனை நடு ராத்திரி வரை உட்கார வைப்பது நியாயம் இல்லை.

6. புகழ் வரும் நாளில் காதைக் காத்துக்கொள்ளுங்கள்.

1963இல் சென்னையில் ஒரு விழா எடுத்து, சிவாஜி கணேசன் கையால் இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் கொடுத்தார்கள். பட்டம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தது. கிடைத்து இரண்டே வருடம். 1965 ஜூலையில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்தது. அதுதான் அந்த ஓட்டத்தில் இருவரும் சேர்ந்து போட்ட கடைசிப் படம். அதே வருடம் ‘கலங்கரை விளக்க’த்தில் விஸ்வநாதன் பெயர் தனியாக வந்துவிட்டது.

கவனியுங்கள், வேலை இல்லாமல் பிரியவில்லை. படம் ஓடாமல் பிரியவில்லை. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் ‘ஆயிரத்தில் ஒருவனு’ம் ஒரே வருடத்தில் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தபோது பிரிந்தார்கள். பஞ்சத்தில் எல்லோரும் ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அறுவடை நாளில்தான் பங்குப் பேச்சு எழும். காரணம் என்று ஊரில் உலவும் கதைகள் பல. அவற்றில் ஒன்றையும் நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், நீங்களும் மேடையில் சொல்லாதீர்கள். இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததை மூன்றாம் ஆள் சொல்லும்போது அது ஒருவரைக் குறைத்துத்தான் முடியும்.

நம் மட்டத்தில் இது எப்படி வரும் தெரியுமா? கச்சேரி முடிந்ததும் ஒருவர் வந்து தோளில் கை போடுவார். “உன்னால்தான் தம்பி இந்தக் குழு ஓடுது, மத்தவங்க சும்மா” என்பார். அடுத்த கல்யாணத்துக்கு உன்னை மட்டும் கூப்பிடுகிறேன் என்பார். அவர் உன் மேல் பிரியத்தில் சொல்வதாகவே இருக்கலாம். அந்த இடத்திலேயே, அவர் முகத்துக்கு நேரே, உன் கூட்டாளியைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவை. அவர் சொன்னதை அன்றைக்கே குழுவில் சொல்லிவிடு. உள்ளே வைத்துக்கொண்டு தூங்கப் போனால் காலையில் அது உன் சொந்த எண்ணம் மாதிரியே தெரியும்.

7. விலக வேண்டுமென்றால் நாள் கொடுத்து விலகுங்கள்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், நம் ஆட்களிடம் இவ்வளவு தெளிவாக நான் பார்க்காததால். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 1962இல் தொடங்கிய குழு ‘சீக்கர்ஸ்’. மூன்று ஆண்கள், பாடுவதற்கு ஜூடித் டர்ஹாம் என்ற பெண். அந்த மூவரில் கீத் பாட்ஜர் கொழும்பில் பிறந்தவர். 1964இல் கப்பலில் பாடிக்கொண்டே இங்கிலாந்து போனார்கள், அடுத்த வருடம் அங்கே அவர்கள் பாட்டு முதலிடத்தில் இருந்தது. 1967 மார்ச்சில் சொந்த ஊர் மெல்போர்னில் திறந்தவெளிக் கச்சேரி. இரண்டு லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு.

மறு வருடத் தொடக்கத்தில் ஜூடித், தான் தனியாகப் பாட விரும்புவதாகக் கூட்டாளிகளிடம் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆறு மாதம் தவணை கொடுத்தார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை எல்லாம் சேர்ந்து முடித்தார்கள். 1968 ஜூலையில் பி.பி.சி. தொலைக்காட்சியில் நால்வரும் நின்று விடைபெற்றுப் பாடினார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து அதே நால்வர் மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள். 1968இல் கதவை அறைந்து சாத்தியிருந்தால் 1993இல் திறந்திருக்காது.

நமக்கு ஆறு மாதம் வேண்டாம். கையில் வாங்கிய அட்வான்ஸ் உள்ள கச்சேரிகளை முடித்துக் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிற ஆளுக்கு ஸ்கேலும் பிட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாரியம்மன் கோயில் பந்தலில் நோட்டீஸ் ஒட்டின பிறகு, பாடுகிற ஆள் வரமாட்டேன் என்று போனை அணைத்துவிட்டால் மீதி ஆறு பேர் கூட்டத்துக்கு முன்னால் என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

8. பிரிந்த பிறகு யார் ஜெயித்தார் என்று எண்ணாதீர்கள், எண்ணுகிறவர்களோடும் சேராதீர்கள்.

விஸ்வநாதன் தனியாக அடுத்த பல பத்தாண்டுகள் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசை போட்டார். ராமமூர்த்தி தனியாகச் செய்தவை குறைவு. இந்த எண்ணிக்கையை வைத்து ராமமூர்த்தியைத் தள்ளிப் பேசுவது எனக்குப் பொறுக்காது. ‘சாது மிரண்டால்’, ‘மறக்க முடியுமா’, ‘தேன் மழை’, ‘நான்’, ‘மூன்றெழுத்து’ ஆகியவற்றைத் தேடிக் கேளுங்கள். எந்தப் பெரிய நிறுவனமும் வரிசையில் நிற்காத காலத்தில், தன் கையிலிருந்த கல்வியை விட்டுக்கொடுக்காமல் ஒரு மனிதர் செய்த வேலை அது. படம் குறைந்தால் வித்தை குறைந்ததாக அர்த்தம் இல்லை.

முப்பது வருடம் கழித்து, 1995இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012இல் தமிழக அரசு இருவருக்கும் ஒரே மேடையில் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ பட்டமும் ஆளுக்கு அறுபது பொற்காசும் காரும் கொடுத்தது. மறு வருடம் ஏப்ரலில் ராமமூர்த்தி போனார், 2015 ஜூலையில் விஸ்வநாதன். பிரிந்திருந்த காலம் சேர்ந்திருந்த காலத்தைவிட எவ்வளவோ நீளம். ஆனாலும் அரசு கூப்பிட்டபோது இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டது.

9. குழு கலைந்தால் உள்ளே இருந்தவர்களும் கலைந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

நம் மதுரை ஜில்லாவையே பாருங்கள். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985இல்தான். அதற்கு முன் நாமும் பண்ணைப்புரமும் ஒரே ஜில்லா. அங்கிருந்து பாவலர் வரதராஜன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடி வந்தார். அந்த அறுபதுகளின் குழுவிலிருந்து தம்பிகள் சென்னைக்குப் போனதை யாராவது உடைவு என்று நினைத்திருக்கலாம். அவர்களில் ஒருவர் 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசை போட்ட இளையராஜா. வரதராஜன் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1973இலேயே போய்விட்டார்.

ஆஸ்திரேலியாவிலேயே சிட்னியில் ‘ஈஸிபீட்ஸ்’ என்று ஒரு ராக் குழு இருந்தது. 1964இல் குடியேறிகளுக்கான விடுதியில் சந்தித்த பையன்கள், டச்சுக்காரர், இங்கிலாந்துக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் என்று கலந்து. முதலில் பாடகர் ஸ்டீவி ரைட்டும் ஜார்ஜ் யங்கும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள். பிறகு ரைட்டின் இடத்தில் ஹாரி வாண்டா வந்தார். வாண்டாவும் யங்கும் எழுதிய பாட்டுதான் 1966இல் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1969இல் குழு முடிந்தது. வாண்டாவும் யங்கும் மட்டும் விடாமல் சேர்ந்து வேலை செய்து, பின்னால் ‘ஏசி/டிசி’ குழுவின் முதல் ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்தார்கள். இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ரைட்டை. முன்னால் நின்று பாடுகிறவர் அவர்தான், கைத்தட்டல் அவருக்குத்தான், ஆனால் பாட்டு உருவாகும் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் அவர்தான். உங்கள் குழுவில் இரண்டு பேருக்கு ஒத்துப்போய் அவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்யத் தொடங்கினால், மூன்றாவது ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பாருங்கள்.

10. மேடையில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

திருவிழாக்களில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, ‘பாசமலர்’ பாட்டுக்கும் ‘படகோட்டி’ பாட்டுக்கும் “எம்.எஸ்.வி. இசையில்” என்று மட்டும் சொல்கிறார். சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பழக்கம். நீங்கள் அதை மாற்றுங்கள். பாட்டு வரிசை எழுதும் அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராகப் படம், வருடம், எழுதியவர், இசை என்று நான்கு கட்டம் போடுங்கள். ‘பணம்’ தொடங்கி ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இருவரும் சேர்ந்து செய்த படம் என்றால் இரண்டு பெயரும் வர வேண்டும். ‘கலங்கரை விளக்க’த்துக்கு விஸ்வநாதன் மட்டும், ‘நான்’ படத்துக்கு ராமமூர்த்தி மட்டும். ‘படகோட்டி’க்கு எழுதியவர் கட்டத்தில் வாலி. ‘மகாதேவி’, ‘பதிபக்தி’ பாட்டென்றால் பட்டுக்கோட்டையார் எழுதியதா, வேறு யாரா என்று பார்த்து எழுதுங்கள். கண்ணதாசன் என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள்.

அதே அட்டையின் கீழே உங்கள் குழுவில் வாசிக்கும் எல்லோர் பெயரும் இருக்கட்டும், மைக் செட்காரர் பெயரும் சேர்த்து. கச்சேரியின் நடுவில், கூட்டம் நிறைந்திருக்கும்போது, அதைப் படிக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி ஆள் வந்து நிற்கும். கடைசிக்கு வைத்தால் தபேலாக்காரர் பெயர் விட்டுப்போய்விடும்.